நன்னெறி வகுப்பு

வைகாசி தேய்ந்து ஆனி தலைகாட்டும் நாட்களில் மதுக்கரைக்குக் காற்று வந்துவிடும். பாலக்காட்டுக் கணவாயின் வழியே, மேற்கு மலைகளுக்கு அப்பால் கடல்மேல் கறுத்த மேகங்களின் ஈரத்தைச் சுமந்துகொண்டு, பகலென்றும் இரவென்றும் பாராமல் அது ஓடிவரும். மலைமுடிகளை முகில் மூடும். மழை இதோ என்பதுபோல் நிற்கும், வராது, வந்தால் ஊசிமுனைச் சாரலாய் வந்து உடனே விலகிவிடும். தென்னைகளெல்லாம் கிழக்கு நோக்கித் தலை சாய்த்து, தங்கள்மேல் சொல்லப்படப்போகும் தீர்ப்பைக் கேட்க நிற்பவை போல் நிற்கும். சிமெண்டு ஆலையின் வெண்துகள் ஓடுகளின்மேல் படிந்து, சாரல் பட்டு இறுகி, வீடுகளுக்குச் சாம்பல்நிறத் தோல் ஒன்றைப் போர்த்தும். கதவுகள் தாமாக அடித்துக்கொள்ளும். அடிக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளிருப்பவர் நெஞ்சு ஒருகணம் நின்று பின் ஓடும். அச்சத்துக்கென்று ஆண்டவர் ஒரு பருவத்தை வகுத்திருந்தால் அது இதுவாகத்தான் இருக்கவேண்டும். பள்ளிகள் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வதும் இந்தப் பருவத்தில்தான்.

அன்று காலை, மாதாகோயிலுக்குப் பின்புறமுள்ள காலனியில், புவனா தன் மகளை முன்னால் உட்காரவைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அவள் கை சீப்பை ஓட்டிக்கொண்டிருந்ததே தவிர, மனம் கேள்விகளை ஓட்டிக்கொண்டிருந்தது.

"உம் பேரு என்ன, கண்ணு?"

"ஹரிதா."

"ஜெனிதான்னு யாராச்சும் கூப்புட்டா?"

"திரும்பிப் பாக்கக்கூடாது."

"ஜெபஞ் சொல்லுன்னு கேட்டா?"

"தெரியாதுங்கன்னு சொல்லோணும்." ஐந்து வயதுக் குழந்தை சற்று யோசித்தது. "ஏம்மா, எனக்குத் தெரியுமே? மங்கள வார்த்தை தெரியும், விசுவாச மந்திரங்கூட பாதி தெரியும்."

"தெரியும் கண்ணு. ஆனா இன்னிக்கு ஒரு நாளைக்குத் தெரியாது."

வாசற்படியில் அமர்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்த தனபால் தலை நிமிரவில்லை. அரசு அலுவலகம் ஒன்றில் அவன் அலுவலக உதவியாளன். பத்தாண்டு காத்திருந்து, பட்டியல் சாதியாருக்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் கிடைத்த வேலை. "எனக்கென்னவோ அந்த இஸ்கூலே வேண்டாம்னு தோணுது" என்றான். "உள்ள போய் வாயக் கொடுத்துப்போடாத. அவிய கேக்கறதுக்கு மட்டும் பதிலு. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம் அம்மணி."

சரி என்று தலையசைத்த புவனா, குழந்தையின் கழுத்திலிருந்த மாதா சுரூபத்தைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டாள்.

அந்தக் காலனியின் முப்பத்திரண்டு வீடுகளுக்கும் இரண்டிரண்டு பெயர்கள் உண்டு. புவனா என்பவள் கோயிற் பதிவேட்டில் செசிலி. தனபால் அங்கே அந்தோணி. குழந்தையின் பிறப்புச் சான்றில் ஹரிதா. திருமுழுக்குத் தொட்டியின் தண்ணீர் தலையில் பட்ட நாளில் அவள் ஜெனிதா. இது ஏமாற்றும் நோக்கில் பிறந்த வழக்கமன்று. அவர்களின் பாட்டனார்கள் ஊர்த் தெருவில் செருப்பணிந்து நடக்கவியலாத காலத்தில், மண்டியிட்டால் போதும் மனிதன் என்பார்கள் என்று நம்பி இந்தக் கோயிலுக்குள் வந்தவர்கள். மனிதன் என்று சொன்ன வேதம் உண்மையாய் இருந்தது. ஆனால் சட்டம், வேதம் மாறியவனுக்குப் பட்டியல் சாதி என்ற நிலை இல்லை என்று எழுதிவைத்தது. சாதிச் சான்றில் மதம் மாறினால், படிப்பிலும் வேலையிலும் இருந்த ஒதுக்கீடு போய்விடும். சாதி மட்டும் போகாது. தேநீர்க் கடையிலும், பெண் கேட்கையிலும், தேர்பவனியில் தோள் கொடுக்கையிலும் அது இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே அவர்கள் கோயிலுக்கு ஒரு பெயரையும் அரசாங்கத்துக்கு ஒரு பெயரையும் வைத்துக்கொண்டார்கள். எல்லாரும் அறிந்தது அது, எவரும் எழுதாதது. கோயிலின் பங்குச் சாமியார்கள் மாறி மாறி வந்தார்கள், அறிந்தார்கள், கேட்காமல் இருந்தார்கள். அந்த மௌனத்தின் நிழலில்தான் முப்பத்திரண்டு அடுப்புகளும் எரிந்தன.

பங்குப் பள்ளியும் அவ்வாறே நடந்தது. புவனா அங்கே ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். அவள் பெயருக்கு நேரே இந்து என்றுதான் இருந்தது. ஆயினும் வேதம் கற்பிக்கும் மறைக்கல்வி மணி அடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே கூடத்தில் அமர்வார்கள். அவள் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் நூல் பாட்டுப் புத்தகம். தன் மகளும் அந்தக் கூடத்தில், அந்தச் சிமெண்டுத் தரையில் அமர்ந்து, ஆண்டவரின் பெயரோடு சேர்த்து எழுத்தறிய வேண்டும் என்பது அவள் ஆசை. வேறு ஆசை அவளுக்கு அதிகமில்லை.

இந்த ஆண்டு மே மாதத்தில் பள்ளி வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. பங்கு மக்களின் பிள்ளைகளுக்கு முதலிடம் உண்டு. அவர்கள் திருமுழுக்குச் சான்றையும் சாதிச் சான்றையும் சேர்த்து அளிக்கவேண்டும். பிற மதத்தார் சாதிச் சான்று மட்டும் தந்தால் போதும். படிப்பதற்கு நேர்மையான விதி. கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவையின் செயலாளர் பெனடிக்ட் எழுதிய விதி அது. அவர் காங்கேயம் பக்கத்திலிருந்து வந்த, தலைமுறை தலைமுறையாய் நிலம் உடைய கத்தோலிக்கக் குடும்பத்தவர். கடைவீதியில் பெயிண்டுக் கடை வைத்திருந்தார். அவர் இனத்தாருக்கு இரண்டு காகிதமும் ஒன்றையே சொல்லும். ஒன்றாய் வைத்தால் ஒன்றும் குறையாது. இரண்டையும் ஒரே மேசைமேல் வைக்க முடியாதவர்கள் அந்தப் பங்கில் ஒரே ஒரு தெருவில்தான் இருந்தார்கள்.

முந்தின நாள் பக்கத்து வீட்டு இருதயம்மாள் தன் மகனை அழைத்துப்போய், வாசலிலேயே அஞ்சித் திரும்பிவிட்டாள். புவனா துணிந்தது ஒரே வழியை நம்பி. பிற மதத்தாளாகப் போவது. சாதிச் சான்றை மட்டும் நீட்டுவது. உள்ளே சேர்ந்துவிட்டால், பழையபடி கூடத்தில் அமர்த்திவிடுவார்கள். காகிதம் ஒன்று சொல்லும். வகுப்பு வேறொன்று கற்பிக்கும்.

தலைமையாசிரியை சிஸ்டர் அமலோற்பவத்தின் அறையில் திருஇருதயப் படத்தின் கீழே கணினி ஒன்று இருந்தது. சிஸ்டர் ஐம்பது வயதைத் தாண்டியவர். எவரிடமும் குரல் உயர்த்தாதவர். பேரவையிடம் குரல் உயர்த்த அஞ்சுபவர். மேசையின் பக்கவாட்டில், காலின்மேல் கால் போடாமல், மிக மரியாதையாக, பெனடிக்ட் அமர்ந்திருந்தார்.

"வாங்க, வாங்க. உக்காருங்க அம்மணி" என்றார்.

உட்கார நாற்காலி இருந்தது. புவனா உட்காரவில்லை. சாதிச் சான்றை இரு கையாலும் நீட்டினாள். போன கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுப் பூசையில் அவளும் இவரும் ஒரே கூரையின்கீழ் பாடியிருந்தார்கள். இன்று இருவரும் முன்பின் அறியாதவர்கள்போல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சிஸ்டர் குழந்தையின் பெயரைக் கேட்டார். ஹரிதாங்க என்றது. நிறங்களைக் கேட்டார்; சொன்னது. இருபதுவரை எண்ணச் சொன்னார். முப்பதில் போய் நின்றது. சிஸ்டரின் முகம் மலர்ந்தது.

"சாமி கும்பிடற ஜெபம் ஒண்ணு சொல்லு பாக்கலாம், கண்ணு" என்றார் பெனடிக்ட், அன்பாக.

"தெரியாதுங்க."

அந்தப் பணிவுக்கு அவரே சிரித்துவிட்டார். புவனாவுக்கு மூச்சு வந்தது. முடிந்துவிட்டது என்று எண்ணினாள். சிஸ்டர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தேன்மிட்டாயை எடுத்துக் குழந்தையின் உள்ளங்கையில் வைத்தார். நன்றாய்ச் சொன்னாய், சாப்பிடு என்றார்.

எந்தக் கேள்விக்கும் தவறாத குழந்தை, மிட்டாயில் தவறியது. அந்த வீட்டில் ஒரு பருக்கையேனும் சிலுவை அடையாளம் வரையாமல் வாய்க்குள் போனதில்லை. தாய்ப்பால் மறந்த நாள்முதல் கை கற்றுக்கொண்ட பழக்கம் அது. வாய்க்குச் சொல்லிக்கொடுத்த தாய், கைக்குச் சொல்லிக்கொடுக்க மறந்துபோனாள். சின்ன வலக்கை எழுந்தது. நெற்றியைத் தொட்டது. நெஞ்சைத் தொட்டது. இடத்தோளில் வந்து நினைவு வர, அப்படியே நின்றது. குழந்தை தாயைப் பார்த்தது. வெளியே காற்று ஒரு சன்னலை ஓங்கி அடித்தது.

பெனடிக்ட் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் புவனாவுக்கு அத்தனை அச்சம் வந்திராது.

"ஊட்டுக்காரரு எந்த ஆபீசுலங்க அம்மணி வேலை?" என்று கேட்டார்.

அவருக்குத் தெரியும். தெரிந்தே கேட்டார். தனபாலின் மேலதிகாரி, ஒரு கடிதம், ஒரு விசாரணை, பத்தாண்டு காத்திருந்து பெற்ற வேலை, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாய் அவள் கண்முன் சரிந்தன. மெல்லிய குரலில் அலுவலகத்தின் பெயரைச் சொன்னாள்.

"நல்லதுங்க." பெனடிக்ட் சிஸ்டரின் பக்கம் திரும்பினார். "மதம்ங்கற எடத்துல கிறிஸ்தவம்னே ஏத்திப்போடுங்க சிஸ்டர். நம்ம பங்குப் புள்ளதான், எதுக்கு ஒளிக்கோணும்? ஆண்டவருக்கு முன்னால சாதி ஏதுங்க? நாமெல்லாம் ஒண்ணு."

கணவன் சொல்லியனுப்பியது புவனாவின் காதில் ஒலித்தது. கேட்பதற்கு மட்டும் பதில். அவளும் அப்படியே இருந்திருப்பாள். ஆனால் நாமெல்லாம் ஒன்று என்ற சொல் அவள் அச்சத்துக்கும் அடியில் எதையோ போய்த் தொட்டது.

"சாதி இல்லீங்களாய்யா?"

"இல்லீங்க அம்மணி."

"போன மாசியில என்ற மாமனாரப் பொதைச்சமுங்க. கல்லறையில நடுவால ஒரு சுவர் ஓடுது. அந்தப் பக்கம் கொண்டு போங்கன்னு நீங்கதானுங்க கை காட்டுனீங்க."

பெனடிக்டின் கண்கள் ஒருமுறை சிமிட்டின. "அது பெரியவிய காலத்து வழக்கம். சுவத்த நானா கட்டுனேன்?"

"இல்லீங்க. கல்லறைத் திருநாளுக்கு வருசா வருசம் வெள்ளை அடிச்சுக் குடுக்கறது மட்டுந்தானுங்க நீங்க."

சிஸ்டர் அமலோற்பவம் இருமினார். அது இருமல்தானா என்று பெனடிக்ட் திரும்பிப் பார்த்தார்.

"எழுதறதுன்னா எழுதுங்கய்யா" என்றாள் புவனா. அவள் கண்களில் நீர் நிறைந்து மேசையும் படமும் கலங்கித் தெரிந்தன. "அந்தச் சுவத்தையும் சேத்தி எழுதுங்க. எம்புள்ள கிறிஸ்தவம், அவ தாத்தன் பறையன்னு ரெண்டையும் ஒரே காயிதத்துல எழுதிப்போடுங்க. நானே கையெழுத்துப் போடறேன். சர்க்காரு அதைப் பாத்து என்ன செய்யோணுமோ செய்யட்டும்."

பின்பு சிஸ்டர் சாதிச் சான்றைத் தன் பக்கம் இழுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வோர் எழுத்தாய்க் கணினியில் அடிக்கத் தொடங்கினார்.

"சாதிச் சான்றுல என்ன இருக்கோ அதத்தாங்க பதிவுல ஏத்த முடியும்" என்றார், திரையைப் பார்த்தபடியே. "குழந்தை மிட்டாய் திங்கறதெல்லாம் சான்று ஆகாதுங்க ஐயா."

அதற்குமேல் ஒரு சொல் சொல்ல அந்த அம்மையாருக்குத் திராணி இல்லை. அதுவரை சொன்னதே அவர் வாழ்நாளில் பெரிது.

பெனடிக்ட் எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். முகத்தில் சிரிப்பு திரும்பியிருந்தது. "சரிங்க சிஸ்டர். சட்டப்படியே போயிரலாம். இந்துப் புள்ளன்னா இந்துப் புள்ளயாவே இருக்கட்டும். புது அட்டவணை ஞாபகம் இருக்குதுங்களா? மூணாவது மணிக்கு மறைக்கல்வி கத்தோலிக்கப் புள்ளைகளுக்கு. மத்தவியளுக்கு நன்னெறி, தனி அறையில. மொதல் தடவையா நற்கருணை வாங்கற புதுநன்மைப் பட்டியலும் மறைக்கல்வி வகுப்புல இருந்துதான் எடுப்போம். இந்தப் பொண்ண மாத்திக் குந்தவெச்சீங்கன்னு தெரிஞ்சா, ரெண்டு எடத்துக்கு எழுத வேண்டி வரும். ஒண்ணு ஆயருக்கு. ஒண்ணு அந்த ஆபீசுக்கு." புவனாவைப் பார்த்துக் கைகூப்பினார். "போச்சாது அம்மணி. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. வாரேங்க."

சிஸ்டர் தலைகுனிந்துகொண்டார். அச்சிட்டு வந்த தாளை அவர் நீட்டியபோது, இந்து என்ற சொல்லுக்குக் கீழே, கோடிட்ட இடத்தில், புவனா கையெழுத்திட்டாள். இந்தப் பள்ளியில் கற்ற எழுத்தினால் இட்ட கையெழுத்து அது. இடம் கிடைத்துவிட்டது. எதற்காக அந்த இடத்தைக் கேட்டாளோ அது கிடைக்கவில்லை.

தனபாலிடம் அவள் எதையும் மறைக்கவில்லை. அவன் கேட்டுவிட்டுக் குழாயடிக்குப் போய் முகம் கழுவினான். திரும்பி வந்து மறுபடியும் போய்க் கழுவினான். அடுத்த பத்து நாளும் அவன் கைபேசி ஒலித்தபோதெல்லாம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தபால்காரரின் வண்டி தெருமுனையில் திரும்பினால் புவனாவின் கை வேலையை விட்டுவிடும். கடிதம் வரவில்லை. வராமல் இருப்பதே அதன் வலிமை என்று அவளுக்கு மெல்ல விளங்கியது. வந்துவிட்ட கடிதத்தைப் படித்து முடித்துவிடலாம்; வரப்போகும் கடிதத்தை ஆயுள் முழுதும் படித்துக்கொண்டிருக்க வேண்டும். இனி அவள் தன் குழந்தையின் ஒவ்வொரு ஜெபத்துக்கும் வெளிக்கதவைச் சாத்தவேண்டும்.

பள்ளி திறந்த நாளில் முதல் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மார்கள் மதியம்வரை தாழ்வாரத்தில் நிற்கலாம் என்றார்கள். சாரல் தூறிக்கொண்டிருந்தது. மூன்றாவது மணி அடித்ததும் மறைக்கல்வி ஆசிரியை கையில் பட்டியலோடு வந்து பெயர்களை வாசித்தாள். வாசித்த பெயர்க்குரிய பிள்ளைகள் எழுந்து, வரிசையாய்க் கூடத்துக்குப் போனார்கள். ஹரிதா தன் பெயருக்காகக் காத்திருந்தது. பட்டியல் முடிந்தது. குழந்தை அப்போதும் காத்திருந்தது.

எஞ்சியவர்கள் ஒன்பது பேர். பேக்கரிக்காரர் மகன் சுஃப்யான்; தோட்டத்து வீட்டு நந்திதா; சிமெண்டு ஆலை மேற்பார்வையாளரின் இரட்டைப் பிள்ளைகள். மற்ற ஐவரும் காலனிப் பிள்ளைகள். கடைசி நாளில் துணிந்து வந்த இருதயம்மாளின் மகனும் அவர்களில் ஒருவன். வேதத்தை அறியாதவர்களுக்கென்று ஒதுக்கிய அந்த அறையில் பாதிக்குமேல், கூடத்துப் பிள்ளைகள் நனைந்த அதே தொட்டியில் நனைந்த தலைகள்.

எதிர்க்கூடத்திலிருந்து ஆர்மோனியத்தின் ஓசை எழுந்தது. பாட்டுத் தொடங்கியது. ஐந்து முகங்களும் சூரியகாந்தி திரும்புவதுபோல் அந்தப் பக்கம் திரும்பின.

நன்னெறி ஆசிரியை உள்ளே வந்தார். உடுமலைப்பேட்டையைச் சேர்ந்த தெய்வாத்தாள் டீச்சர். நெற்றியில் திருநீறு, கையில் புதுப் புத்தகங்கள். பிள்ளைகளை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அவர்கள் எந்தத் தெருப் பிள்ளைகள் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. கதவைச் சாத்தப் போனவர், பாட்டு வரும் திசையைப் பார்த்துவிட்டு, சாத்தாமலே திரும்பினார்.

"பாடத்துக்கு முன்னால சாமி கும்புடோணும், கண்ணுகளா" என்றார். "எந்தச் சாமின்னு நான் கேக்க மாட்டேன். அவியவியளுக்குத் தெரிஞ்ச சாமி. எப்படித் தெரியுமோ அப்படி."

சுஃப்யான் இரு கைகளையும் விரித்து ஏந்தினான். நந்திதா கண்ணை இறுக மூடினாள். ஹரிதா அசையாமல் சன்னலுக்கு வெளியே நின்ற தாயைத் தேடிப் பார்த்தது. அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருந்தது.

தாழ்வாரத்தின் மறுகோடியில் பெனடிக்ட் குடையை மடக்கிக்கொண்டு படியேறி வருவதைப் புவனா கண்டாள். ஒதுங்கிப் போய்விடு என்று அச்சம் சொன்னது; தலையை ஆட்டிவிடாதே என்றது. அவர் செருப்பொலி நெருங்கி வந்தது. அவள் சன்னல் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு, குழந்தையைப் பார்த்து, ஆம் என்று தலையசைத்தாள்.

ஹரிதா பெஞ்சைவிட்டு இறங்கியது. சிமெண்டுத் தரையில் முழந்தாளிட்டு, கைகுவித்து, தலை தாழ்த்தியது. இருதயம்மாளின் மகன் அதைப் பார்த்தான், அவனும் இறங்கினான். பின்பு மற்ற மூவரும் இறங்கினார்கள். ஐந்து சிறு உதடுகள் ஓசையின்றி அசைந்தன. கூடத்துப் பாட்டு அவர்கள் தலைகளின்மேல் கடந்துபோயிற்று.

செருப்பொலி புவனாவின் முதுகுக்குப் பின்னே வந்து நின்றது. அவள் திரும்பவில்லை.

தெய்வாத்தாள் டீச்சர் புத்தகங்களை மேசைமேல் வைத்துவிட்டு, குனிந்து, முழந்தாளிட்ட ஒவ்வொரு தலையையும் தொட்டுக்கொண்டு போனார். ஹரிதாவின் உச்சியில் அவர் கை சற்றே தங்கியது.

"நல்லா இரு, கண்ணு" என்றார். "உன்ற சாமி உன்னக் கைவிடாது. நல்லா இரு."